பாஸ்டனில் பிறந்த பையனும் சென்னைக் கோட்டையும்: யேல் குடும்பத்தின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காப்பியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் அமெரிக்காவிலிருந்து பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். "ஏனுங்க சார், இங்க யேல் யுனிவர்சிட்டி இருக்குதுங்களே, அந்த யேல்ங்கறவரு நம்ம மெட்ராஸ்ல கவர்னரா இருந்தாராமா? நெசந்தானுங்களா?" என்றான்.

"நெசந்தான் கண்ணு. உங்க கிளாஸ்லயே சொல்லியிருக்கேனே."

"சொன்னீங்களா சார்?" என்றான். கடைசி பெஞ்சுக்காரன். என் குரல் அங்கே வரைக்கும் எட்டியிருக்காது.

அதே வாரம்தான் என் தம்பி மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். குடும்ப மரம் வரைகிறாளாம். "பெரியப்பா, அப்பாருக்கு அப்பாரு பேரு என்னங்க? அவரோட கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?" என்று வரிசையாகக் கேட்டாள். இரண்டு கேள்விகளும் ஒரே வாரத்தில் வந்ததால் பழைய புத்தகங்களை மறுபடி எடுத்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

நம் கொங்கு நாட்டில் வம்ச விவரம் கேட்பது புதிதல்ல. எந்தக் கூட்டம், எந்தக் காணி, குலதெய்வம் எங்கே என்று கேட்காமல் பெண் பார்க்கப் போக மாட்டார்கள். அவ்வளவு ஏன், கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளை வாங்குகிறவர்கூட "தாய் மாடு யார் பட்டியிலுது?" என்று கேட்டுவிட்டுத்தான் துண்டுக்குள் கை கொடுப்பார். ஆனால் ஒன்று, கூட்டத்தின் பெயர் பல நூறு வருஷம் நிற்கும். அதற்குள் இருந்த ஆட்களின் பெயர் நான்கு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை. யேல் குடும்பத்தின் கதையைப் படித்தால் இது நமக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை என்று தெரியும்.

முதலில் பெயர். இவர்களை ஆங்கிலேயர் என்று எழுதுவது வழக்கம். சரியாகச் சொன்னால் பூர்வீகத்தில் வேல்ஸ்காரர்கள். பழைய வேல்ஸ் நாட்டில் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. மகன் பெயரோடு அப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். நம் இனிஷியல் மாதிரி. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வழக்கம் பரவியபோது பலர் ஏதாவது ஒரு நிரந்தரப் பெயரை வைத்துக்கொள்ள நேர்ந்தது. இந்தக் குடும்பம் தங்கள் சீமையின் பெயரையே வைத்துக்கொண்டது. வடக்கு வேல்ஸில் ரெக்ஸம் நகருக்குப் பக்கத்தில் 'யால்' என்றொரு பகுதி. அதுதான் ஆங்கில எழுத்தில் யேல் ஆயிற்று. ஆக, உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர் அடிப்படையில் ஓர் ஊர்ப்பெயர். நாம் வெள்ளகோயிலார், ஊதியூரார் என்று சொல்கிற மாதிரிதான்.

அந்தக் குடும்பத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது ஒரு விதவையின் மறுமணம். தாமஸ் யேல் என்பவர் இறந்துபோக, அவர் மனைவி ஆன், தியோபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வியாபாரியைத் திருமணம் செய்துகொண்டார். ஆன், செஸ்டர் நகரத்து பிஷப்பின் மகள். ஈட்டனோ இங்கிலாந்துத் திருச்சபையின் போக்குப் பிடிக்காத பியூரிட்டன். 1637இல் ஈட்டனும் அவருடைய நண்பர் ஜான் டேவன்போர்ட் என்ற பாதிரியாரும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு 'ஹெக்டர்' என்ற கப்பலில் பாஸ்டன் போய் இறங்கினார்கள். ஆனின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளைகளான டேவிட், தாமஸ், ஆன் மூவரும் இந்தக் குடியேற்றத்தைச் சேர்ந்தவர்கள்தான். அடுத்த வருஷம் 1638இல் தெற்கே போய் நியூ ஹேவன் என்ற புது ஊரை அமைத்தார்கள். ஈட்டன்தான் அதற்கு கவர்னர். 1658 ஜனவரியில் சாகும்வரை அவரே கவர்னர்.

மத சுதந்திரம் தேடிப் போனவர்கள் என்று பாடப்புத்தகத்தில் நாங்கள் நடத்துவோம். அது யாருக்கான சுதந்திரம் என்பதை இந்த வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். ஈட்டனின் மனைவி ஆன், பச்சைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியில்லை என்று நினைத்தார். தேவாலயத்தில் அந்தச் சடங்கு நடக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். 1645இல் அவர்மேல் சபையில் விசாரணை வைத்தார்கள். விசாரணை மதத்தோடு நிற்கவில்லை. மாமியாரை முகத்தில் அறைந்தார், மூத்த தாரத்து மகளைக் கிள்ளினார், வேலைக்காரர்களோடு சண்டை போட்டார் என்று வீட்டு விவகாரங்கள் எல்லாவற்றையும் சபையில் அடுக்கினார்கள். கடைசியில் கவர்னரின் மனைவியையே சபையிலிருந்து தள்ளி வைத்தார்கள். நம் ஊர்ப் பக்கம் ஊர்க்கூட்டத்தில் ஒருவரை ஒதுக்கி வைப்பதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அந்த அம்மாள் மாமியாரை அடித்தது தப்புதான். ஆனால் ஞானஸ்நானத்தின்போது உட்கார்ந்தே இருந்திருந்தால் அந்த அறை வெளியே வந்தேயிருக்காது என்பது என் எண்ணம்.

மகன் டேவிட் யேலுக்கும் அங்கே ஒத்துவரவில்லை. பாஸ்டனில் வியாபாரம் பார்த்தார். மாசச்சூசெட்ஸில் சபை உறுப்பினர் இல்லாதவருக்கு ஓட்டு கிடையாது. இது நியாயமில்லை என்று 1646இல் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். டேவிட் அதில் ஒருவர். அபராதம்தான் கிடைத்தது. அந்த டேவிட்டின் மகனாக 1649 ஏப்ரல் 5 அன்று பாஸ்டனில் பிறந்தவர்தான் எலிஹு யேல். பையனுக்கு மூன்று வயதுபோல இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. எலிஹு அதற்குப் பிறகு வாழ்நாளில் ஒருமுறைகூட அமெரிக்காவை மிதிக்கவில்லை. அவர் சித்தப்பா தாமஸ் யேல் மட்டும் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார். இந்தச் சித்தப்பாவை மறக்காதீர்கள், பின்னால் வருவார்.

இனி நம் பக்கம் வருவோம். எலிஹு கிழக்கிந்திய கம்பெனியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து 1672இல் சென்னை வந்து இறங்கினார். சம்பளம் வருஷத்துக்குப் 10 பவுண்டு. கம்பெனிக்காரர்கள் சம்பளத்தை நம்பி வரவில்லை, சொந்த வியாபாரத்தை நம்பித்தான் வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். துணி, வைரம் என்று யேலும் சேர்த்தார். 1680இல் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் திறந்த சில நாட்களில் அங்கே அவருக்குத் திருமணம். அந்தக் கோயிலில் நடந்த முதல் கல்யாணம் அதுதான். மணப்பெண் கேத்தரின், அதே வருஷம் இறந்துபோன ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. பாட்டியைப் போலவே மறுமணம்.

1687 முதல் 1692 வரை யேல் சென்னையின் கவர்னர். அவர் காலத்தில்தான், 1688இல், சென்னை மாநகராட்சி தொடங்கியது. 1690இல் மராட்டியரிடமிருந்து கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்று கடலூர்ப் பக்கம் இன்றைக்கும் ஊர்ப்பெயர் இருக்கிறது. நிலம் அளக்க நம்மூரில் சங்கிலி பிடித்துத்தான் பார்த்திருக்கிறேன், பீரங்கி வைத்து அளந்தது அங்கேதான். கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் பெயர் அது. யேலின் அப்பா பெயரும் டேவிட். இறந்துபோன மகனின் பெயரும் டேவிட்.

அந்த மகனின் சமாதியை நான் பார்த்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நண்பரின் நில வழக்குக்குத் துணையாகச் சென்னை உயர் நீதிமன்றம் போயிருந்தேன். வழக்கு வழக்கம்போல வாய்தா. மத்தியானம் சும்மா நடந்தபோது சட்டக் கல்லூரி வளாகத்தில் வளைவுகளுக்கு மேல் கூர்மையாக எழும்பி நிற்கிற ஒரு கட்டடத்தைப் பார்த்தேன். பக்கத்தில் பைக்குகள் நிறுத்தியிருந்தன. அந்த இடம்தான் கம்பெனியின் பழைய இடுகாடு. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டார்கள். அதனால் பிறகு இடுகாட்டையே இடித்து, கல்வெட்டுக் கற்களைப் புனித மேரி தேவாலய முற்றத்தில் கொண்டுபோய்ப் பதித்தார்கள். தப்பியது இதுபோல ஒன்றிரண்டுதான். உள்ளே ஹின்மர்ஸும், 1688 ஜனவரியில் நான்கு வயது நிரம்புமுன் இறந்த டேவிட் யேலும் இருக்கிறார்கள். அம்மாவின் முதல் கணவருக்குப் பக்கத்தில் இரண்டாம் கணவரின் பிள்ளை. அடுத்த வருஷமே கேத்தரின் மகள்களைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போய்விட்டார். யேல் இங்கே ஹிரோனிமா டி பைவா என்ற வைர வியாபாரியின் விதவையோடு வாழ்ந்தார். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்து, அவனும் இளைஞனாகத் தென்னாப்பிரிக்காவில் இறந்துபோனான். அந்தச் சமாதியை இடம் மாற்ற வேண்டும் என்று சமீப காலத்தில் உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது.

இங்கே ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. யேல் கவர்னராக இருந்த காலத்தில் சோழமண்டலக் கரையில் பஞ்சம். பஞ்சத்தில் பிள்ளைகளை விற்றவர்கள், தங்களையே விற்றுக்கொண்டவர்கள் பலர். ஐரோப்பாவுக்குப் போகிற ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று விதி இருந்தது. அவர்களை இறக்கும் இடம் செயின்ட் ஹெலினா தீவு. 1687இல் ஒரே மாதத்தில் 665 பேருக்குக் குறையாமல் சென்னையிலிருந்து ஏற்றியிருக்கிறார்கள். 1688 மே மாதம் அடிமை ஏற்றுமதியைக் கோட்டை தடை செய்தது. யேல் பெரிய மனது பண்ணித் தடுத்தார் என்று சிலர் எழுதுவார்கள். கோல்கொண்டாவை அப்போதுதான் பிடித்திருந்த மொகலாய அதிகாரிகளின் எதிர்ப்பு முக்கியக் காரணம் என்பதைச் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். யாரை எந்தக் கப்பலில் ஏற்றினார்கள் என்று எண்ணிக்கை உண்டு. என்ன பெயர், எந்த ஊர், யார் மகன் என்று குடும்ப மரம் வரையும் அளவுக்கு எழுதி வைக்கவில்லை.

அமெரிக்கத் தொடர்பு யேலோடு முடியவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சென்னையின் முதல் மேயர் நதானியல் ஹிக்கின்சன். யேலுக்கு அடுத்து 1692இல் கவர்னர் ஆனவரும் அவரே. அவரும் அமெரிக்காவில் பிறந்தவர்! 1652இல் கனெக்டிகட்டில் கில்ஃபோர்ட் என்ற ஊரில் பிறந்து, ஹார்வர்டில் படித்தவர். அவர் தாத்தா பிரான்சிஸ் ஹிக்கின்சன் என்ற பாதிரியார் 1629இல் 'டால்பட்' என்ற கப்பலில் குடும்பத்தோடு மாசச்சூசெட்ஸ் போனார். நடுக்கடலில் நான்கு வயது மகள் மேரி அம்மை கண்டு இறந்துபோனாள். அடுத்த வருஷமே அவரும் போய்ச் சேர்ந்தார். குடியேறிய ஊரின் பெயர் சேலம். நம் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது பைபிளில் வருகிற சொல். நதானியலின் அப்பா ஜான் அந்தச் சேலத்தில் பாதிரியார். 1692இல் நதானியல் இங்கே கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்த அதே வருஷம் அங்கே சூனியக்காரர் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒருவரைக் கல்லேற்றிக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஆன் டாலிவர் என்பவர் நதானியலின் சொந்தச் சகோதரி. அவர் தப்பிவிட்டார். சேலத்திலிருந்து சென்னைக்கு அந்தக் குடும்பம் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. தபால் போய்ச் சேர எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நமக்கு இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் வராவிட்டாலே கோபம் வருகிறது.

சொந்த வியாபாரத்துக்குக் கம்பெனிப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற புகாரில் யேலைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். கணக்கு வழக்குத் தீர ஏழு வருஷம் ஆயிற்று. 1699இல் பெரும் பணக்காரராக இங்கிலாந்து திரும்பினார். பணம் இருந்தது, வாரிசுக்கு மகன் இல்லை. மூன்று மகள்கள் மட்டும். நம் ஊராக இருந்தால் என்ன செய்வார்கள்? பங்காளி வீட்டில் ஒரு பையனைச் சுவீகாரம் எடுப்பார்கள். அவரும் அதையேதான் செய்யப் பார்த்தார். கனெக்டிகட்டில் தங்கிவிட்ட சித்தப்பா வழியில் ஒரு பையனை வரவழைத்தார். அவன் பெயரும் டேவிட் யேல். ஏனோ அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை, பையன் ஊருக்கே திரும்பிவிட்டான்.

ஆனால் அந்தச் செய்தி ஜெரமையா டம்மர் என்பவரின் காதில் விழுந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்காக லண்டனில் காரியம் பார்த்தவர். கனெக்டிகட்டில் 1701இல் தொடங்கிய ஒரு சின்னக் கல்லூரி அப்போது காசில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. மகன் இல்லாத பணக்காரர், சொந்த பந்தம் கனெக்டிகட்டில். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? பாஸ்டனிலிருந்து காட்டன் மாதர் என்ற புகழ்பெற்ற பாதிரியாரும் யேலுக்குக் கடிதம் எழுதினார். கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால் அது மகன்கள் மகள்களைவிட நீண்ட நாள் உங்களை நினைவில் வைத்திருக்கும் என்கிற பொருளில். பிள்ளையில்லாத மனிதரிடம் நன்கொடை கேட்க இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி கிடையாது. நானும் பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காக எத்தனையோ வீட்டுப்படி ஏறியிருக்கிறேன், இப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

1718இல் யேல் அனுப்பினார். ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. பொதிகளில் மஸ்லின், காலிகோ முதலிய துணிகள். பாஸ்டனில் விற்று 562 பவுண்டு கிடைத்தது. நியூ ஹேவனில் எழும்பிய கல்லூரிக் கட்டடத்துக்கு யேல் கல்லூரி என்று பெயர் வைத்தார்கள். மேற்கொண்டு 500 பவுண்டு தருவதாக இருந்தது, அது வந்து சேரவில்லை. 1721இல் சரியான உயில் இல்லாமலே இறந்து ரெக்ஸம் தேவாலயத்தில் அடக்கமானார். மகன் வழி வம்சம் அத்தோடு சரி.

சித்தப்பா தாமஸின் வம்சம் அமெரிக்காவில் பெருகியது. 1860களில் தட்டையான சாவி போடுகிற பூட்டைக் கண்டுபிடித்த லைனஸ் யேல் அந்த வழிதான். யேல் பூட்டு என்று நம் ஊர் ஹார்டுவேர் கடைகளிலும் தெரியும். திண்டுக்கல்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மாணவனிடம் அங்கே ஒரு படத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. 1719 வாக்கில் வரைந்த எண்ணெய் ஓவியம். மேசையைச் சுற்றி யேலும் சம்பந்தி வீட்டு ஆண்களும், பின்னால் விளையாடுகிற பேரக்குழந்தைகள். வலது பக்கம் மது ஊற்றிக் கொடுக்கக் கறுப்பு நிறச் சிறுவன் ஒருவன். பத்து வயதுபோல இருப்பான். அவன் கழுத்தில் உலோகப் பட்டை, அதில் ஒரு பூட்டு. 2020இல் அந்தப் படத்தைக் கழற்றி வைத்தார்கள். ஆராய்ச்சி செய்தபின் 2022இல் மறுபடி மாட்டினார்கள், தலைப்பில் அந்தப் பையனையும் சேர்த்து. மற்றவர்களுக்குப் பெயர் இருக்கிறது. அவனுக்கு 'அடிமைச் சிறுவன்' என்பதுதான். 2024 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

மாணவன் போய்ப் பார்த்துவிட்டு இரவில் கூப்பிட்டான். பேசவில்லை கொஞ்ச நேரம். பிறகு, "சார், அந்தப் பையன் யாரையும் பாக்கலீங்க, டம்ளரையே பாத்துட்டு நிக்கறானுங்க" என்றான்.

தம்பி மகளின் நோட்டுக்கு வருகிறேன். அவள் கேட்ட கேள்விக்கு என்னால் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. அப்பாருக்கு அப்பாரு பெயர் தெரியும். அவருக்கு ஒரு தம்பி இருந்தார். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் கங்காணி பின்னால் கண்டிச் சீமைக்குப் போனவர் திரும்பவே இல்லை. என் ஆத்தா அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "கண்டிக்குப் போனவரு" என்றுதான் சொல்வார். மாமனார் வழிப் பெரியவர் என்பதால் பெயர் சொல்ல மாட்டார். நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் நாற்பது வருஷம் வரலாறு நடத்தியவன். ஈட்டனின் மனைவி மாமியாரை அறைந்தது தெரியும், எங்கள் வீட்டிலிருந்து போனவர் பெயர் தெரியாது.

அவள் அந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே பென்சிலில் "கண்டிக்குப் போனவர்" என்றே எழுதி வைத்திருக்கிறாள். பேனாவில் எழுத மாட்டாளாம், பெயர் கிடைத்தால் மாற்ற வேண்டுமே என்றாள். பழையகோட்டைப் பக்கம் எங்கள் பங்காளி வீட்டில் தொண்ணூறு தாண்டிய ஒரு அம்மிச்சி இருக்கிறார்கள். காது சரியாகக் கேட்காது, ஞாபகம் மட்டும் கெட்டி. வருகிற புதன்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன்.